கார்செண்டியின் எலிகளும் நாகசாகியின் எலிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கொலம்பியா பல்கலைக்கழக எலும்பு மரபியலாளர் ஜெரார்ட் கார்செண்டி பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். முப்பது வருஷம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். கம்பியில் தொங்கும் எலும்புக்கூட்டைத் தொட்டுக் காட்டி, ‘உடம்பைத் தாங்கும், அசைக்கும், கால்சியத்தைச் சேர்த்து வைக்கும்’ என்று முடித்துவிடுவேன். அது ஹார்மோனும் சுரக்கலாம் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அந்த வகையில் கட்டுரையாளருக்கு நன்றி.

எனக்குத் தித்தித்தது 1996 கதை. கட்டுரையோ அதை இரண்டே வரியில் தாண்டிவிட்டது. ஆஸ்டியோகால்சின் என்பது எலும்பாக்கச் செல்கள் சுரக்கும் புரதம். கார்செண்டி குழு எலிகளில் அதற்கான மரபணுவை நீக்கிப் பார்த்தது. நீக்கினால் எலும்பு நொய்ந்துபோகும் என்றுதானே நினைப்போம்? எலும்பு கூடுதலாக வளர்ந்தது! அதோடு அந்த எலிகளுக்கு வயிற்றில் கொழுப்பு. குட்டியும் சரியாகப் போடவில்லை. எலும்பு ஆய்வாளருக்கு அதில் என்ன வேலை என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. 2007-ல், இந்தப் புரதம் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது என்று அவர் குழு எழுதியது. 2016-ல், 15 மாத முதிய எலிகளுக்கு அதைச் செலுத்தியதும் 3 மாத இளம் எலிகளுக்கு ஈடாக ஓடின என்றது.

கட்டுரை அங்கேயே மங்களம் பாடிவிட்டதுதான் என் குறை. 2020-ல் வேறு இரண்டு குழுக்கள் ஆஸ்டியோகால்சின் இல்லாத எலிகளைத் தாங்களே புதிதாக உருவாக்கிப் பார்த்தன. ரத்தச் சர்க்கரையில் கோளாறு இல்லை, ஆண் ஹார்மோனிலும் குறைவில்லை. அதில் ஒரு குழு நாகசாகிப் பல்கலைக்கழகத்தின் தொஷிஹிசா கொமோரியுடையது. கொமோரி சாமானியர் அல்லர். எலும்பாக்கச் செல்லே உருவாக ரன்எக்ஸ்2 மரபணு வேண்டும் என்பதை 1997-ல் ‘செல்’ ஆய்விதழின் ஒரே இதழில் கார்செண்டி குழுவும் கொமோரி குழுவும் தனித்தனியே எழுதினார்கள். அப்படிப்பட்டவர், ‘ஆஸ்டியோகால்சினின் வேலை எலும்புக்குள்ளேதான், தாதுப் படிகங்கள் கொலாஜன் என்ற புரத இழையோடு இணையாக வரிசைகட்டி நிற்க அது தேவை, அது இல்லாவிட்டால் எலும்பின் வலு குறையும்’ என்கிறார். இரு தரப்பும் இன்னும் ஒத்துவரவில்லை. இதைச் சொல்வதால் கார்செண்டியின் உழைப்பு ஒன்றும் சிறுத்துவிடாது.

சொல்லாமல் விட்டதால் வந்த வினையை நான் வீட்டில் பார்க்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் என் அக்கா கட்டுரையைக் கத்தரித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். ‘இந்த ஊசி எப்போடி வரும்?’ என்று தினமும் கேட்கிறார். எலிக்கு இந்த மரபணு வரிசையாக மூன்று, நமக்கு ஒன்றே ஒன்று, எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது என்று விளக்கினேன். ‘நீ எப்பவும் குறுக்கே பேசுவே’ என்றார். முதுமைக்கு மருந்தாக ஆஸ்டியோகால்சின் இன்னும் வரவில்லை என்று கட்டுரையில் ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு இந்தத் திட்டு மிச்சம்.

2020 ஆய்வுகளைப் பற்றியும் அதே பக்கத்தில் ஒரு கட்டுரை போடுங்கள். அதையும் அக்கா கத்தரித்து வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை