ஆண் கருத்தடையை நர்சம்மா தலையில் கட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவார விழா நடக்கிறது. பேரணி போகிறது, ஆட்டோவில் மைக் கட்டிப் பேசுகிறார்கள், மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. ஆபரேஷனுக்கு வந்த ஆண்களை மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு வீடாக ஏறி இறங்கியதில் கண்டதை எழுதுகிறேன்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.1 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் எளிது. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையில் சிறு துளையிட்டு, விந்துக்குழாயைக் கட்டித் துண்டிக்கிறார்கள். தையல் கிடையாது, கால் மணி நேரத்தில் முடிந்து அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும்.

அப்படியும் ஏன் வருவதில்லை? ஒரு காலத்தில் வந்தார்கள். நாட்டில் 1970-களின் நடுப்பகுதி வரை பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலையின்போது 1976-77-ல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பலரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார்கள். அந்தப் பயம் இறங்கவே இல்லை. அதன்பின் ஆண்களிடம் பேச அரசாங்கமும் தயங்கியது, மொத்த பாரமும் பெண்கள் மேல் வந்து விழுந்தது.

இப்போது வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பெண் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பாள். வெளியே பெஞ்சில் மாமியார். "உங்க பையனுக்குச் செய்யலாமே" என்று கேட்டால், "அவன் மூட்டை தூக்குறவன் நர்சம்மா, இடுப்பு போயிட்டா யாரு சோறு போடுவா? இவதான் எப்படியும் ஆஸ்பத்திரியில இருக்காளே, இவளுக்கே பண்ணி விட்டுருங்க" என்பார். உள்ளே போனால் அந்தப் பெண்ணும் "எனக்கே பண்ணிருங்கம்மா" என்பாள். சிசேரியன் என்றால் பேச்சே இல்லை, அதோடு சேர்த்து முடித்துவிடுவார்கள். உண்மையில் ஆணுக்குச் செய்யும் ஆபரேஷனால் பலம் குறையாது, ஆண்மையும் போகாது. ஹார்மோன் வழக்கம்போல் ரத்தத்தில் கலந்துகொண்டுதான் இருக்கும். ஓரிரு நாள் ஓய்வு, கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இதை ஒரு பெண் வந்து சொன்னால் ஆண்கள் காதில் ஏறுவதில்லை. எதிரே உட்காரவே கூச்சப்பட்டுத் திண்ணையை விட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இன்னொரு பயம், வெளியில் யாரும் சொல்லாதது. ஆபரேஷன் செய்த அன்றே கருத்தடை ஆகிவிடாது. குழாயில் மிச்சமிருக்கும் விந்தணு வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனைக்குப் பலர் வருவதே இல்லை. அதற்குள் மனைவி கர்ப்பமானால் சந்தேகம் யார் மேல் வரும்? அவள் மேல்தான். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பெண்கள் தங்கள் வயிற்றைக் காட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், ஆண்கள் ஊரில் இருந்தால்தானே பேச முடியும்? எங்கள் மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கம் பாதி வீடுகளில் ஆண்கள் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போனவர்கள். அரசு தரும் 1,100 ரூபாய் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் கூலிக்கே சரியாக வராது.

இந்த நிலையில் ஆள் கொண்டுவரும் பொறுப்பை நர்சம்மாவிடம் விட்டால் என்ன ஆகும்? கர்ப்பிணிப் பதிவு, புதன்கிழமை தடுப்பூசி, பிரசவத்துக்குப் பின் வீட்டுப் பார்வை, மகப்பேறு நிதியுதவி விண்ணப்பம், இத்தனையையும் கணினியில் ஏற்றும் வேலை என்று ஏற்கெனவே அவள் நாள் போதாது. ஆய்வுக் கூட்டத்தில் "ஒரு ஆண்கூட இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தும்போது, அந்த மாதம் அவள் காப்பாற்றிய தாயும் பிள்ளையும் கணக்கில் வருவதில்லை. நானும் அப்படி நின்றிருக்கிறேன். சம்பளம் போதாமல் இந்த வேலையை வெறுத்தவர்களைவிட, இந்த அவமானத்தில் வெறுத்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். மனம் விட்டுப்போனவள் வாசலில் நின்று கடமைக்குப் பேசினால் யார் கேட்பார்கள்?

2020 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில், ஆண் சுகாதாரப் பணியாளர்கள் ஒருவரையாவது கூட்டி வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று உத்தரவு போட்டார்கள். கண்டனம் எழுந்ததும் அரசே அதைத் திரும்பப் பெற்றது. இங்கே அப்படி உத்தரவு எழுத்தில் இல்லை, சரி. கூட்டத்தில் கேட்கும் கேள்வி அதே தொனியில்தான் இருக்கிறது.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள்: ஆண்களிடம் பேச ஆண்களை அனுப்புங்கள். சுகாதார ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் டீக்கடையில் பேசினால் பத்து பேரணிக்குச் சமம். மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அழைத்து வருவதையும் ஒரு ஆண் பணியாளர் பொறுப்பில் விடுங்கள். செவிலியரின் இலக்குப் பட்டியலில் இருந்து இதை எடுத்துவிடுங்கள். முகாமை நவம்பரோடு நிறுத்தாமல், மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாளில் இருந்து சில நாட்களுக்குப் பென்னாகரத்திலும் அரூரிலும் வையுங்கள். அப்போதுதான் ஆண்கள் ஊரில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.