மாத்திரையை ஏன் விட்டார் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டி வரும் கட்டுரைகளில் 'மருந்தைத் தவறாமல் சாப்பிட வேண்டும்' என்ற வரி கட்டாயம் இருக்கும். சரிதான். ஆனால் அது ஏன் தவறுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. மனச்சிதைவு நோயுள்ள தம்பியைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் நான்.

தம்பி கொஞ்ச காலம் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிடுவான். பிடிவாதம் என்றார்கள் உறவுக்காரர்கள். டீக்கடையில் டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கிப் பாதி டீ சட்டையில் கொட்டும், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மாத்திரையை விட்டால் நடுக்கம் நிற்கும் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். டாக்டரிடம் இதைச் சொன்னதும் வேறு மருந்துக்கு மாற்றினார். நடுக்கம் அடங்கியது, துப்புவதும் நின்றது. உடம்பு பெருப்பது, பகலெல்லாம் தூக்கம், பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது எல்லாம் இந்த மருந்துகளால் வரக்கூடியவையே. அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ பெரும்பாலும் சமாளிக்கலாம். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் 'தூங்குறாரா, சாப்பிடுறாரா' என்பதோடு விசாரிப்பு முடிந்துவிடுகிறது.

நிறுத்திய மறுநாளே நோய் திரும்பிவிடாது. சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆள் தெம்பாகவே இருப்பார். அதனால்தான் நிறுத்தியதே நல்லது என்று வீட்டாருக்கும் தோன்றிவிடுகிறது. நோயுள்ள பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்ததும் மாத்திரையை ஒளித்துவைக்கும் குடும்பங்கள் உண்டு. போன இடத்தில் அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் எத்தனை நாள் விழுங்க முடியும்? அப்புறம், சாம்பாரில் கலந்து கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுகிறவரிடம் அந்தப் பயத்தை நாமே உண்மையாக்குவதாகிவிடும்.

மனநல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். எங்கள் பக்கத்திலோ 'ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்ற பதில் அடிக்கடி வருகிறது. ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அவர்கள் மருந்தை விட்டுவிட்டார்கள் என்று சொல்வது நியாயமா?

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் எங்கள் தெருவில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்தப் பையில் தம்பியின் மாத்திரையும் வர வேண்டும். கொண்டுவருகிறவர், 'கை நடுங்குகிறதா, பகலில் தூக்கம் வருகிறதா' என்று கேட்டு டாக்டருக்குச் சொல்லட்டும். தினம் மாத்திரை விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு, இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. அவர்கள் சம்மதித்தால், டாக்டர் சீட்டின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம். ஊசிக்கு வராதவர் யார் என்பது பதிவேட்டில் தெரிந்துவிடும், செவிலியர் ஒரு நடை போய் விசாரிக்கலாம். சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்