கடினமான கத்தி எலும்புக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில் கத்தி வாங்குவது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ‘உருக்கு எவ்வளவு கடினமோ, கத்தி அவ்வளவு நல்லது’ என்று அதில் ஒரு வரி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 27 வருடமாக ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். அந்த வரியை நம்பி யாரும் எலும்பு வெட்டக் கத்தி வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

போன வருடம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை நேரம். கடையில் நல்ல கூட்டம். மகன் ஆன்லைனில் வரவழைத்திருந்த டி2 என்ற கடினமான உருக்கில் செய்த கத்தியை அன்றுதான் கட்டைக்குக் கொண்டுவந்தேன். சவரக்கத்தி மாதிரி கூர். நல்லி எலும்பில் நாலாவது வெட்டுப் போட்டபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். விளக்கில் தூக்கிப் பார்த்தால் கத்தி வாயில் பல் விழுந்திருந்தது. நகக்கண் அளவுக்கு ஒரு பிறை. அந்தத் துண்டு எங்கே? கட்டையில் இரண்டு கிலோ கறி கிடந்தது. விரலால் தடவினேன், பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துத் துழாவினேன். கிடைக்கவில்லை. அத்தனை கறியையும் தூக்கிக் கொட்டினேன். யார் வீட்டுக் குழந்தையின் தட்டுக்கோ போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மறுநாள் எனக்கு வழக்கமாகக் கத்தி அடித்துத் தரும் கொல்லரிடம் காட்டினேன். “இது கூர் நிக்கிற இரும்புங்க, அடி தாங்குற இரும்பு இல்ல” என்றார். அப்புறம் விசாரித்ததில் அவர் சொன்னது முழு உண்மை என்று தெரிந்தது. டி2வில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரியும் (கார்பன்) 12 பங்கு குரோமியமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்களாக உருக்குக்குள் நிற்கின்றன. சதையை அறுக்கும்போது வாய் தேயாமல் காப்பது அந்தத் துகள்கள்தான். ஓங்கி எலும்பில் போடும்போது விரிசல் ஓட வழிவிடுவதும் அவைதான். என்னுடைய பழைய வெட்டுக்கத்தியோ லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அதில் கரி அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பெரிய கார்பைடு துகள்கள் கிடையாது. பாரம் ஏற்றிய லாரி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த இரும்பு அது. எலும்பில் பட்டால் வாய் கொஞ்சம் மடங்கும், உடையாது. தீட்டும் கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி வேலைக்கு வந்துவிடும். ஏற்காட்டு எஸ்டேட்களில் சில்வர் ஓக் கிளை கழிப்பவர்களும் பட்டையில் அடித்த கொடுவாளைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். கணுவில் ஓங்கிப் போட வேண்டிய வேலை அது.

அதற்காக டி2 மோசமான உருக்கு என்று சொல்ல மாட்டேன். பல் விழுந்த இடத்தைத் தண்ணீர்க் கல்லில் தேய்த்துச் சரிசெய்து, இப்போது எலும்பில்லாக் கறிக்கும் ஈரலுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தீட்டினால் கடை சாத்தும்வரை கூர் நிற்கிறது. பட்டைக் கத்தியில் அதே வேலைக்கு மூன்று தடவையாவது தீட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல இரும்பையும் சாணையில் கெடுத்துவிடலாம். தண்ணீர் காட்டாமல் மோட்டார் சாணையில் அழுத்திப் பிடித்ததில் என் பட்டைக் கத்தியின் நுனி ஒருமுறை நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் என்றால் அந்த இடம் கிட்டத்தட்ட 300 டிகிரி சூடு ஏறியிருக்கிறது, கொல்லர் போட்ட தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கி ஏற்றிய கடினம், அங்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். எத்தனை தீட்டியும் அந்த நுனியில் கூர் நிற்கவில்லை. கடைசியில் அரை அங்குலம் தேய்த்தே எடுக்க வேண்டியதாயிற்று.

கடைகளில் விற்கும் கத்திகளில் பாதிக்கு மேல் வெறும் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றுதான் பொறித்திருக்கிறது. அதில் எந்த வகை? நம்ம ஊர் உருக்காலைக்குப் பேர் வாங்கித் தந்த 304 தகடு டம்ளருக்கும் அண்டாவுக்கும் அருமையான இரும்பு. ஆனால் அதைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது, கத்திக்கு உதவாது. 420 வகையோ தோய்ச்சலுக்குக் கடினமாகும். இரண்டின் மேலும் ஒரே பெயரைப் பொறித்தால் வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கொலுசு வாங்கும்போது வெள்ளியின் சுத்தம் எத்தனை டச் என்று கேட்டு வாங்குகிற ஊர் இது. கத்தியிலும் உருக்கின் வகையையும் அது எவ்வளவு கடினம் என்று அளந்து சொல்லும் ராக்வெல் எண்ணையும் பொறித்தே விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களையும் அரசையும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் அடுத்த முறை கத்தியைப் பற்றி எழுதும்போது, வெட்டவா அறுக்கவா என்று பிரித்து எழுதுங்கள், ஐயா.

இப்படிக்கு,
கறிக்கடை வைத்திருக்கும் உங்கள் வாசகன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.