பழைய நாணயப் பட்டியல் நூல்களை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக் காசு சேகரிப்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைப்பேசியில் ஒரு செயலி இருந்தால் போதும், தடித்தடியான பட்டியல் புத்தகங்களுக்கு இனி வேலையில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் தேவகோட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில், நூலக முத்திரை போட்ட இரண்டு புத்தகங்களைக் கண்டேன். ஒன்று ஆர்.எஸ். யோமன் தொகுத்த நவீன உலக நாணயங்களின் பட்டியல். மற்றது வில்லியம் கிரெய்க் தொகுத்தது, 1750 முதல் 1850 வரை அச்சான காசுகளுக்கானது. இரண்டையும் தராசில் வைத்து 35 ரூபாய் கேட்டார் கடைக்காரர். கொடுத்து வாங்கிக்கொண்டு, முத்திரையில் இருந்த நூலகத்துக்கே போய் விசாரித்தேன். “அதுல இருக்கிற விலையெல்லாம் அம்பது வருசத்துக்கு முந்தினது சார், யாருக்கு உபயோகம்?” என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னதில் பாதி உண்மை. விலை பழசாகிவிட்டது. ஆனால் அந்தப் புத்தகத்தில் பழசாகக்கூடியது விலைப் பத்தி ஒன்றுதான். 1907-ல் அச்சடித்த வெள்ளிக்காசின் எடை இன்றும் அதே எடைதான்.

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றவன். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவர். அவர் கொண்டுவந்த மூன்று வெள்ளி டாலர்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் கிடந்தன. மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் வட்டாரத்துக் காசுகள். மூன்றிலும் ஒரு டாலர் என்றே போட்டிருக்கும். 1903, 1907, 1920 என்று ஆண்டுகள். ஆனால் ஒன்றைவிட ஒன்று சிறிது. 1984-ல் தங்கை கல்யாணத்தின்போது கைக்குப் பணம் போதாமல் அவற்றை ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனோம். உரசிப் பார்த்த கடைக்காரர், “பெரியதுதான் அசல். மற்ற ரெண்டும் கள்ளக்காசு. சின்னதுல வெள்ளியே பாதிதான் இருக்கு” என்று சொல்லி, மூன்றையும் சேர்த்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார்.

அப்பா கொடுக்கத் தயாராகிவிட்டார். ஐயா ஏமாந்து கள்ளக்காசை வாங்கி வந்துவிட்டாரே என்ற வருத்தம் அவருக்கு. நான் அப்போது ஒரு பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளன். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஆய்வகத் தராசில் மூன்றையும் நிறுத்தேன். காரைக்குடியில் ஒரு நண்பரிடம் க்ராஸ், மிஷ்லர் இருவரும் தொகுத்த பட்டியல் இருந்தது. 1972-ல் முதல் பதிப்பு வந்தது. டெலிபோன் டைரக்டரி போல இருக்கும். அதைப் புரட்டியதும் எல்லாம் விளங்கிவிட்டது. 1903, 1904 டாலர் 26.95 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. 1907 முதல் 1909 வரை 20.21 கிராம், அதே தரம். 1919, 1920-ல் 16.85 கிராம், வெள்ளி 500 பங்கு. தேய்மானம் போக எங்கள் மூன்றும் அந்த எடைகளில் அப்படியே உட்கார்ந்தன. கடைக்காரரின் உரைகல் பொய் சொல்லவில்லை. சின்னதில் வெள்ளி பாதிதான். ஆனால் அதைப் பாதியாக்கியது அரசாங்கமே. 1906-ல் டாலரின் மதிப்பை பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிவைத்தார்கள். வெள்ளி விலை ஏறியபோது காசை உருக்கினால் முகமதிப்பைவிட அதிகம் கிடைக்கும் நிலை வந்தது. அதனால் காசைச் சிறிதாக்கினார்கள், பிறகு கலப்பும் செய்தார்கள்.

1903-ல் வந்த பெரிய டாலர் பம்பாயில் அச்சானது என்பதையும் அந்தப் புத்தகம்தான் சொன்னது. லென்ஸ் வைத்துத் தேடினோம், பம்பாயைக் குறிக்கும் ‘பி’ எழுத்து குட்டியாக இருந்தது. பம்பாயிலிருந்து பினாங்கு போய், அங்கிருந்து தேவகோட்டை வந்த காசு! அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குக் கடன் வாங்கினோம். டாலர்களை விற்கவில்லை.

விலைப் பத்தி எப்படிப் பொய்யாகும் என்பதற்கும் நம் ஊர்க் காசையே சொல்கிறேன். சென்னை ராஜதானிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் அச்சடித்த 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் கப்பலிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை அள்ளினார்கள். எல்லாம் 1808 என்று ஆண்டு போட்டவை. அதற்கு முன் அச்சான எந்தப் பட்டியலின் விலையும் அந்தக் காசுக்கு இனி செல்லாது. ஆனால் ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீகத்தில் ‘இருபது காசு என்பது நான்கு ஃபுலூஸ் (செப்புக்காசு)’ என்ற வாசகம் என்று பழைய புத்தகம் சொன்னதில் கடல் எதையும் மாற்றவில்லை. இந்தியக் காசுகளில் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் பிரிட்மோர் என்ற நாணய ஆய்வாளர் தன் பிரிட்டிஷ் பேரரசு நாணயப் பட்டியலில் 1975-லும் 1980-லும் வெளியிட்ட இந்தியப் பகுதிகளைத்தான் இன்றும் தேடி அலைகிறார்கள்.

இன்னொன்று, சேகரிப்பு வாரிசுகளின் கைக்கு வரும்போதுதான் புரியும். பழைய சேகரிப்பாளர்கள் காசை மடித்த காகித உறையில் போட்டு, மேலே பென்சிலில் ‘ஒய்’ போட்டு ஓர் எண், அல்லது ‘சி’ போட்டு ஓர் எண் எழுதி வைப்பார்கள். ‘ஒய்’ என்றால் யோமன், ‘சி’ என்றால் கிரெய்க். பெரிய வெள்ளிக்காசில் ‘டேவ்’ என்று இருந்தால், அத்தகைய காசுகளுக்குப் பட்டியல் தொகுத்த டேவன்போர்ட். என் கணக்கு வாத்தியார் இறந்த பிறகு அவர் மகள் என்னிடம் கொடுத்த பிஸ்கட் டப்பாவில் இப்படி நானூறு உறைகள். யோமன் புத்தகம் கையில் இல்லாவிட்டால் அவை வெறும் எண்கள். புத்தகத்தைத் திறந்தால், வாத்தியார் எந்தக் காசைப் பார்த்து என்ன முடிவுக்கு வந்தார், எங்கே சந்தேகப்பட்டுக் கேள்விக்குறி போட்டார் என்பதெல்லாம் தெரிகிறது. நூலகம் எடைக்குப் போட்ட அந்த யோமனை வைத்துத்தான் இப்போது உறை உறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சயாம், ஜப்பான் முடிந்து எகிப்தில் நிற்கிறேன்.

அந்த டப்பாவில் ஒரு மயில் காசு இருந்தது. செயலியில் படம் எடுத்துப் போட்டால் இந்தியச் சமஸ்தானக் காசு என்று வந்தது. வாத்தியாரோ உறையில் ‘மிண்டோன்’ என்று எழுதியிருந்தார். க்ராஸ் பட்டியலின் முன்பக்கங்களில் பல மொழி எண்களின் அட்டவணை உண்டு. அதில் பர்மிய எண்களோடு ஒப்பிட்டுப் படித்தால் 1214. பர்மிய ஆண்டு அது. 638 கூட்டினால் 1852. அரசர் மிண்டோன் பட்டத்துக்கு வந்த பர்மிய ஆண்டு. மாண்டலேயில் காசுச் சாலை வந்தது 1865-ல்தான் என்றாலும், காசில் பட்டமேறிய ஆண்டையே போட்டார்கள். ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் எங்கள் பக்கம் எத்தனையோ. அந்த வீட்டுப் பெட்டகங்களில் இந்த மயில் இருக்கலாம்.

இணையப் பட்டியல்களை நான் குறை சொல்லவில்லை. நுமிஸ்டாவை நானும் தினமும் பார்க்கிறேன், படங்கள் அருமை. ஆனால் கைப்பேசியில் காசைப் பற்றி வருவதில் பெரும்பகுதி, வீட்டில் இருக்கும் சாதாரண ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்ற மோசடிதான். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த ஏமாற்றைப் பற்றி எச்சரித்தது. பட்டியல் நூலில் அச்சடித்த எண்ணிக்கை என்று ஒரு பத்தி இருக்கிறது. கோடிக்கணக்கில் அச்சான காசு என்று அங்கே பார்த்துவிட்டால், கட்டணம் கட்டுங்கள் என்று வரும் அழைப்பில் யாரும் விழமாட்டார்கள்.

க்ராஸ் பட்டியலை வெளியிட்டுவந்த அமெரிக்க நிறுவனம் 2019-ல் திவாலானது. ஆண்டுதோறும் வந்த அந்தத் தடித்த புத்தகம் இப்போது புதிதாக வருவதில்லை. இருக்கிற பிரதிகளே இனி நமக்குக் கதி. எனவே நூலகத் துறையினருக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். நாணயப் பட்டியல்களைக் கழிவு செய்யும்போது பழைய பதிப்பு என்பதை மட்டும் காரணமாக வைக்காதீர்கள். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்திலாவது பார்வை நூல் பிரிவில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். எடுத்துச் செல்ல வேண்டாம், உட்கார்ந்து பார்த்தால் போதும். பக்கத்தில் ஒரு சிறிய மின்னணுத் தராசும் இருந்தால் மிக நல்லது.

வாத்தியாரின் உறைகளை முடித்ததும், யோமனையும் கிரெய்க்கையும் பைண்டு செய்து அதே நூலகத்தில் திருப்பிக் கொடுக்கிறேன். என்னிடம் இரட்டைப்பிரதியாக உள்ள க்ராஸ் பட்டியல் ஒன்றையும் சேர்த்துத் தருகிறேன். வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று அவர்கள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்,
தேவகோட்டை.