வானத்தில் பார்த்ததை யாரிடம் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பறக்கும் தட்டுகளை அமெரிக்க ராணுவம் விசாரித்த கதை உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. 1952 முதல் 1969 வரை அந்நாட்டு விமானப்படை நடத்திய ‘புளூ புக்’ திட்டத்துக்கு வந்த தகவல்கள் 12,618, அதில் விளக்கம் கிடைக்காதவை 701 என்று போட்டிருந்தீர்கள். அந்த 701-ஐப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ விளக்கம் கொடுத்து மூடிய மீதியின் மேல்தான் சந்தேகம்.

1955-ல் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் பறக்கத் தொடங்கியது. பயணிகள் விமானமெல்லாம் 20,000 அடிக்குள் போய்வந்த காலம் அது. யூ-2 போனதோ 60,000 அடிக்கும் மேலே. கீழே பொழுது சாய்ந்த பிறகும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கும். வெள்ளி நிற இறக்கையில் வெயில் பட்டு நெருப்பு மாதிரி ஜொலிக்க, பார்த்த விமானிகள் எழுதிப்போட்டார்கள். விசாரித்த அதிகாரிகள் சி.ஐ.ஏ.விடம் கேட்டு, யூ-2 பறந்த நேரத்தோடு ஒத்துப்பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ரகசியத்தை வெளியே சொல்ல முடியுமா? பனித்துகள், காற்றில் வெப்பநிலை தலைகீழானது என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பினார்கள். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அறுபதுகள் வரை வந்த தகவல்களில் பாதிக்கு மேல் உளவு விமானங்கள்தான் என்று சி.ஐ.ஏ. தரப்பு வரலாற்றுக் கட்டுரையே 1997-ல் ஒத்துக்கொண்டது. பாதிக்கு மேல் என்பதை நம்பாதவர்களும் உண்டு. சரி, கால்வாசி என்றே வைத்துக்கொள்வோம், கண்ணால் கண்டதைச் சொன்னவனுக்குப் பொய்தானே பதிலாகக் கிடைத்தது!

இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. கருமத்தம்பட்டி பக்கம் எனக்கு விசைத்தறிப் பட்டறை. சூலூர் விமானப்படைத் தளம் பக்கம்தான், தேஜஸ் போர் விமானச் சத்தமெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஒருநாள் விடியக்காலம் நைட் ஷிப்ட் பையன் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான், “அண்ணா, வெளிய வந்து பாருங்ண்ணா” என்று. மேற்கே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளிச்சப் புள்ளிகள் முளைத்து, பாவு இழை மாதிரி ஒரே நேர்கோட்டில், சத்தமே இல்லாமல் கிழக்கே போயின. தளம் இருக்கிற ஊராயிற்றே, சொல்லிவைப்போம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சிரித்துவிட்டு, “நைட்டு என்னங்க சாப்பிட்டீங்க?” என்றார். அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன்தான் அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை என்று போனில் படம் காட்டினான். கீழே இருட்டு, மேலே வெயில், யூ-2 கதையேதான்.

நம் ராணுவம் இதில் மோசமில்லை. 2012-ல் லடாக் எல்லையில் வீரர்கள் வெளிச்சங்களைப் பார்த்தபோது, பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவை வெள்ளி, வியாழன் கிரகங்கள் என்று தெரிந்தது. ஆனால் 2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்தின் மேல் எதையோ பார்த்து விமானங்களை நிறுத்தி, ரஃபேல் போர் விமானங்களை அனுப்பித் தேடினார்கள், ஒன்றும் சிக்கவில்லை. அதோடு சரி. ராணுவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரி இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் வேலை முடிந்தது. பறந்தது நம்முடையதே என்றாலும் வாய் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது.

பிரான்சில், வானத்தில் பார்த்ததை விசாரிக்கிற வேலை 1977 முதல் விண்வெளி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பார்த்தவர் போலீசில் வாக்குமூலம் கொடுக்கலாம். விசாரித்துக் கோப்பை இணையத்திலேயே போட்டுவிடுகிறார்கள். இங்கேயும் இஸ்ரோவோ, கொடைக்கானலிலும் காவலூரிலும் ஆய்வகம் வைத்திருக்கும் அதே வானியற்பியல் நிறுவனமோ ஒரு தொலைபேசி எண்ணும் தமிழில் ஒரு படிவமும் கொடுத்தால் போதும். தேதி, நேரம், திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது, இவ்வளவுதான் கேட்க வேண்டும். கோவை எம்.பி. இதை மக்களவையில் ஒரு கேள்வியாகவாவது எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறிக்காரர்,
கருமத்தம்பட்டி.