மகனுக்கு: நாலு இஞ்ச் உயரமும் மைலேஜ் கணக்கும்

களக்காடு,
ஆடி மாதம்.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். காற்று இன்னும் ஓயவில்லை. மேலத்தோட்டத்தில் பத்துப் பதினைந்து ஏத்தன் வாழை சாய்ந்துவிட்டது. மிச்சத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

நீ ஓமனிலிருந்து அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். வண்டியை நாலு இஞ்ச் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் கிட் மாட்டி, பெரிய டயர் போட்டு, பிக்கப் கம்பீரமாகத்தான் நிற்கிறது. ஆனால் போனில் உன் குரல் சரியில்லை. லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது எட்டுதான் கொடுக்கிறது, மைலேஜ் குறையாது என்று சொல்லி கிட் மாட்டியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றாய். போனில் இதையெல்லாம் விளக்க எனக்கு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த எட்டு என்கிற கணக்கைப் பார்ப்போம். நீ பிறப்பதற்கு முன்னால் நான் ஒரு முதலாளியிடம் டாடா 407 லாரி ஓட்டினேன், இங்கிருந்து நாகர்கோவிலுக்கு வாழைத்தார் லோடு. வண்டி லிட்டருக்கு ஒன்பது கொடுத்தது. ஒரு தடவை முதலாளி 7.50-16 டயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய 8.25-16 மாட்டினார். அடுத்த மாதமே கணக்கு எட்டுக்கு இறங்கிவிட்டது. நான் டீசலை உறிஞ்சி விற்கிறேன் என்று பத்துப் பேர் நடுவில் கேட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

மறுநாள் லோடு போகிற வழியில் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை எண்ண ஆரம்பித்தேன். முப்பது கல் தாண்டியபோது மீட்டர் இருபத்தெட்டுதான் ஓடியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. மீட்டருக்குத் தெரிவது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போய்விடும், மீட்டர் பழைய அளவையே எழுதும். கல் கணக்கில் வகுத்துப் பார்த்தால் வண்டி எட்டரைக்குக் கொஞ்சம் மேலேயே கொடுத்திருந்தது. குறைந்ததாகச் சொன்ன ஒரு கிலோமீட்டரில் பாதிக்கு மேல் மீட்டரின் தவறு. மிச்சம் மட்டும்தான் நிஜமாகக் கூடிய டீசல் செலவு. முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வந்து சாவியை என் கையில் கொடுத்தார். அந்த வேலையில் இன்னும் நாலு வருஷம் இருந்தேன்.

உன் கதையும் இதேதான். பழைய டயர் 265/65 ஆர் 17 என்றாய். உயரம் 776 மில்லிமீட்டர் வரும். இப்போது இருப்பது 285/70 ஆர் 17, அது 831. நூற்றுக்கு ஏழு கூடுதல். உன் மீட்டர் நூறு காட்டினால் வண்டி ஓடியது 107. அப்படியானால் உன் எட்டு, உண்மையில் எட்டரைக்குக் கொஞ்சம் மேலே. ஒன்பதரையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. குறையவே குறையாது என்று சொன்னது பொய்தான், ஆனால் நீ பயப்படுகிற அளவுக்கும் குறையவில்லை. வேகத்தையும் மீட்டர் இதே மாதிரி குறைத்துத்தான் காட்டும். 112 காட்டும்போது நீ ஏறக்குறைய 120-ல் போய்க்கொண்டிருப்பாய். அபராதத்தைவிட பிரேக்கை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

சரி, அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கே போனது? ஆடி மாதத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போனவனுக்கு இது தெரியும். செங்கல் பாரத்தில் பாதி எடைகூட வைக்கோல் இராது. ஆனாலும் டீசலை அதுதான் கூடக் குடிக்கும். கணவாய்க் காற்று அந்த உயரத்தின் மேல் கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி நகராது. அங்கே காற்றாலை நட்டிருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தானே. உன் வண்டியை நாலு இஞ்ச் தூக்கியதும் அடியில் நுழைகிற காற்று கூடிவிட்டது. அச்சு, ஷாஃப்ட், டயர் எல்லாம் அதில் முட்டுகின்றன. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-ல் இருப்பதைப் போல இரண்டே கால் மடங்கு 120-ல். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது காற்றால் உனக்கு வித்தியாசம் தெரியாது, நிஸ்வா ரோட்டில் விரட்டும்போதுதான் பெட்ரோல் காலியாகும். நூறில் போய்ப் பார், காற்றின் தடையில் முப்பது சதவீதம் அப்படியே இறங்கிவிடும்.

டயரின் எடை இன்னொன்று. ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது அந்தக் கனத்தைச் சுற்றவைக்க இன்ஜின் திணறும். கியரும் அதற்கு ஏற்றதாக இருக்காது. பெரிய டயரையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அச்சில் இருக்கிற பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றினால் இழுவை திரும்பக் கிடைக்கும். செலவு அதிகம், எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை.

மணலில் டயர் காற்றை இறக்கிவிட்டு ஓட்டுவாய், தெரியும். ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப நிரப்பு, தம்பி. குறைந்த காற்றில் ரோட்டில் ஓடினால் டயர் சூடேறும், மைலேஜும் போகும், வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

கிட் மாட்டிய பிறகு சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மெண்ட் பார்த்தாயா? உடனே பார். முன் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டின் கோணம் கூடியிருக்கும். அதன் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வருகிறதா என்று குனிந்து பார். சக்கரத்தை முழுக்கத் திருப்பி பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார். ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்கி வை. நம் நாட்டில் வண்டியின் அமைப்பைக் கம்பெனி கொடுத்ததற்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அங்கே போலீஸ் என்ன சொல்கிறது என்று நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்.

நான் உன் இடத்தில் இருந்தால் நாலு இஞ்ச்சை இரண்டாக்கி, 265/70 ஆர் 17 டயர் போட்டுக்கொள்வேன். வாதி என்று அங்கே சொல்கிற வறண்ட ஆற்றுப் பாதைக்கு அது போதும். வண்டி உயர உயர வளைவில் சாய்வு கூடும். வைக்கோல் லாரி ஒன்று நாங்குநேரி வளைவில் மெதுவாகச் சாய்ந்து படுத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். உன்னோடு மருமகளும் குழந்தையும் அந்த வண்டியில் உட்காருகிறார்கள். முடிவு உன்னுடையது, நீ சம்பாதித்த காசு. அப்பாவுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த தடவை டாங்க்கை நிரப்பி ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பும்போது மூன்று எண்ணை எழுதி அனுப்பு: எத்தனை லிட்டர், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், போன் மேப்பில் எத்தனை. நான் இங்கே கணக்குப் போட்டு வைக்கிறேன்.

அம்மா ஏத்தங்காய் வத்தல் போட்டு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறோம், வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா