ஒற்றைச் செருப்புக்கும் சேர்த்து

நெடுந்தீவு உறவுகளுக்கு,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டா. நேற்றுப் பின்னேரம் தானாக எழும்பி அடுப்படிக்குப் போய், தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று என்னை ஏசினா. ஏச்சு வாங்கிய பிறகுதான் எழுதத் துணிவு வந்தது. ஊர் பார்க்க வந்த இடத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த இரவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல மனமில்லை.

"மாரிக்குள்ள ஆர் நெடுந்தீவுக்குப் போவினம்?" என்று புறப்படும்போதே பலர் கேட்டார்கள். அம்மாவுக்கு ஊர் என்றால் மாரிதான். வெயில் காலத்தில் நெடுந்தீவுப் படகு புறப்படுகிற குறிகட்டுவான் துறையில் நெரிசல். வருகிறவர்கள் பெருக்குமரப் பொந்துக்குள் நின்று படம் எடுத்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். வாடைக்காற்று தொடங்கினால் அவர்கள் இல்லை. கோடையில் தண்ணீருக்கு அலைகிற குதிரைகள் அப்போது வயிறு நிறைந்து புல்வெளியில் நிற்கும். கல்வேலிகள் நனைந்து கறுத்துக் கிடக்கும். அதைப் பார்க்கத்தான் வந்தோம், பார்த்தும் விட்டோம். அதே வாடைதான் படகையும் நிறுத்தியது.

மழைக்குள் தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்த அண்ணை, அதில் ஏறி அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்காமார், ஊர் ஆஸ்பத்திரியில் நித்திரை முழித்தவர்கள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வைத்தியர்கள், தாதிமார், எல்லோருக்கும் நன்றி. அந்தக் கடலில் படகை எடுத்த கடற்படைப் பொடியன்களுக்கும். 1985 மே 15இல் குமுதினிப் படகில் கடற்படையினர் எங்கள் சனத்தை வெட்டிக் கொன்றதைக் கேட்டு வளர்ந்தவள் நான், இந்த வரியை எழுதக் கை தயங்கத்தான் செய்கிறது. ஆனாலும் எழுதாமல் விட முடியாது.

இனி அந்தச் செருப்பு.

நெடுந்தீவு மாவலித்துறையில் அம்மாவைப் படகுக்கு மாற்றும்போது ஒரு கால் பாட்டா கழன்று விழுந்திருக்கிறது. நீல வார், குதி தேய்ந்தது. யாருக்கு அதெல்லாம் கண்ணில் படும்? அம்மா கஞ்சி குடிக்கத் தொடங்கிய நாளில் விடுதி வாசலில் ஒரு தம்பி வந்து நின்றார். குறிகட்டுவான் பஸ்ஸில் வேலையாம். கையில் பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம். சாப்பாடாக்கும் என்று பிரித்தால், அந்த ஒற்றைப் பாட்டா! உப்பும் சேறும் போகக் கழுவி, அந்த மழை நாட்களில் எப்படியோ காயவைத்து, அறுந்த வாரைத் தங்கூசி நூலால் தைத்திருந்தது. தையலைப் பார்த்தாலே வலை பொத்துகிற கை என்று தெரிந்தது.

ஆர் தந்தது என்று கேட்டேன். படகுக்காரர் தந்தாராம். அவருக்குத் துறையில் ஒரு ஐயா கொடுத்தாராம். "பெரியாஸ்பத்திரியில நெடுந்தீவு அம்மா எண்டு கேளுங்கோ, காட்டுவினம்." அவ்வளவுதான் விலாசம். கடல் தாண்டி, பஸ் ஏறி, விடுதி விடுதியாய்க் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறது.

புதுச் சோடி ஒன்றின் விலை அந்த ஐயாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஒருவர் ஒற்றைச் செருப்பைத் தைத்து அனுப்புகிறார் என்றால், அந்தக் கால் திரும்ப நடக்கும் என்று முடிவு கட்டிவிட்டார் என்றுதானே பொருள்? அப்போது எனக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. வைத்தியர்கள்கூட "பாப்பம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை நாளும் வராத அழுகையை அங்கேதான் அழுதேன்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு, "மற்றது எங்க? எறிஞ்சு போட்டியளோ?" என்றா. கட்டிலுக்குக் கீழே பையில் கிடந்தது. எடுத்துக் காட்டிய பிறகுதான் சிரித்தா.

அடுத்த மாரிக்கு வருகிறோம். அண்ணை, இந்த முறையும் கூலி வேண்டாம் என்றால் அம்மா உங்கள் லான்ட்மாஸ்டரில் ஏற மாட்டாவாம். செருப்புத் தைத்த ஐயாவை அறிந்தவர்கள் அவருடைய ஒழுங்கையை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு, அதே பாட்டாவோடு தானே நடந்து வந்து கொடுப்பதாக அம்மா சொல்லச் சொன்னா.

அன்புடன்,
மூத்த மகள்